வளைகாப்புக் கேசட்டும் உங்கள் சந்தேகமும்

அக்கா,

உங்கள் பீரோவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாடை மூக்கில் ஏறியது. உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சேலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அடியில், பாலிதீன் பையில் மூன்று சுற்றுச் சுற்றி, என் வளைகாப்பு வீடியோ கேசட். மேலே என் கையெழுத்து. குடவாசலில் அதைச் சிடியாக மாற்றித் தந்த கடையிலேயே நான் விட்டுவிட்டு வந்தது அது. உங்கள் பீரோவுக்கு எப்படி வந்தது?

உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நீ சிடி வாங்கிட்டு வந்த மறுநாளே குடவாசலுக்கு பஸ் ஏறிட்டா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னா," என்றார்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் இருந்த ஓரகத்திகள் நாம். வேறெதிலும் சண்டை வந்ததில்லை. ஆனால் புது மிஷின் உள்ளே வந்தால் இரண்டு கட்சிதான். கேசட் போடும் டெக் போய் சிடி பிளேயர் வந்தது, அது போய் டிவிடி வந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் ஆலாய்ப் பறந்தேன். நீங்கள் விதைநெல்லைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எத்தனை நாளைக்குடி? அடுத்தது வந்தா இதுல உள்ளதெல்லாம் என்னாகும்?" என்பீர்கள். "உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?" என்று நான் சிரிப்பேன்.

அந்த சிடியை முதலில் போட்ட அன்றும் சிரித்தேன். படம் பளிச்சென்று இருந்தது. எனக்கு வளையல் போட்டுக்கொண்டே நீங்கள் பாடுகிறீர்கள். வாய் அசைகிறது, கேட்பதோ ஏதோ சினிமாப் பாட்டு. "என் பாட்டு எங்கடி?" என்றீர்கள். பழைய சத்தம் கரகரவென்று இருந்ததாம், கடைக்காரரே நல்ல பாட்டாகப் போட்டுவிட்டாராம். "இதுதான் நல்லாருக்கு, விடுங்கக்கா," என்றேன். நீங்கள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டீர்கள். பாவி, அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

இப்போது நினைத்தால் பகீரென்கிறது. வாட்ஸப்பில் ஒரு வார்த்தை பேசி அனுப்பியதில்லை நீங்கள். "யார் யார் கேப்பாங்களோ" என்று போனைத் தள்ளிவிடுவீர்கள். உங்கள் குரல் எங்காவது மிச்சமிருந்தால் அது இந்தக் கேசட்டில்தான்.

மயிலாடுதுறையில் ஒரு ஸ்டுடியோவில் இன்னும் டெக் இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். "பூஞ்சணம் பிடிச்சிருக்கும்மா. வச்சுட்டுப் போங்க, ரெண்டு நாள்ல பென்டிரைவ்ல தரேன்," என்றார் அங்கிருந்தவர். வைத்துவிட்டுப் போவதா? இன்னொரு தடவையா? "நான் இங்கயே இருக்கேன். பாட்டு கீட்டு எதையும் சேக்காதீங்க. கேசட்டையும் கையில குடுத்துடணும்," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டுமே.

துடைத்துத் துடைத்துப் போட்டார். பாதி நேரம் கோடு கோடாக ஓடியது. அப்புறம் வளையல் சத்தம். அப்புறம் நீங்கள், அக்கா. இழுத்து இழுத்து, கொஞ்சம் சுருதி இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு. நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு நேராகப் பார்த்துக் கேட்கிறீர்கள்: "ஏங்க கேமராக்காரரே, சத்தமும் விழுதுல்ல?"

கடையென்றும் பாராமல் அழுதேன்.

சிங்கப்பூரிலிருந்து மகன், "கிளவுட்ல போட்டுடுங்கம்மா, பத்திரமா இருக்கும்," என்கிறான். யாருடைய கிளவுட், எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "பெரியம்மா மாதிரியே பேசுறீங்க," என்றான். பேசினால் என்ன? கேசட்டை நான் யாரிடமும் கொடுப்பதாக இல்லை.

வளைகாப்பு அன்று கேமராவைப் பார்த்து நீங்கள் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இப்போது நான் சொல்கிறேன். விழுந்திருக்குக்கா. உங்கள் பாட்டு, அந்தக் கேள்வி, அதைக் கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நான் கெக்கெக்கே என்று சிரித்தது, எல்லாமே விழுந்திருக்கு. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் கேட்க முடியவில்லை.