ஊங்குப் பாட்டு

ஒக்டோபர் 7, செவ்வாய்
காலையிலேயே மூட்டம். கஃபேயில் பால் இல்லை, சோப்பும் இல்லை. முதலாளி வாங்கி வந்தது? கொழும்பிலிருந்து ஓர் இசைத்தட்டு. நாற்பது வருஷத்துக்கு முந்திய வெள்ளைக்காரப் பாட்டுகள், எல்லாம் சின்தசைசரில் வாசித்தவை, அந்தக் காலத்து ஹிட் இருபது. "எல்ல ஊருக்கு வார வெள்ளக்காரனுக்கு இதுதான் புடிக்கும், செல்வி." நாள் பூராவும் அதே இருபது. மிக்ஸிக்குள் கரண்டி விழுந்த மாதிரி. சீ.

9, வியாழன்
இரண்டாம் பக்கத்து முதல் பாட்டு 'ஊங்... ஊங்...' என்று ஏறி ஏறி ஆரம்பிக்கிறது. கீழே தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு எதிரே, கோயில் மேட்டில் வைத்த மழை மெஷினின் சைரன் அச்சு அசல் அதேதான். மண் சரியும் அளவுக்குப் பெய்தால் ஊதும். கஃபே ஸ்பீக்கரோ பள்ளத்தைப் பார்த்து. லயமே பிள்ளைகுட்டி, அடையாள அட்டையோடு கோயிலுக்கு ஓடியது. அம்மா முழங்கால் வலியோடு. மேலே வெள்ளைக்காரர்கள் போனில் படம் எடுத்தார்கள். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அதை மட்டும் போடாதீர்கள் என்றேன். "நல்ல பாட்டே அதுதானே." த்தூ.

12, ஞாயிறு
லீவு. துணி காயவில்லை. லயத்தில் இப்போது யாரும் அசைவதில்லை. பேரே வைத்துவிட்டார்கள், ஊங்குப் பாட்டு என்று. பக்கத்து வீட்டு மருதை அண்ணன் அதற்கு இடுப்பை ஆட்டிக் காட்டுகிறார். எல்லாரும் சிரிப்பு.

14, செவ்வாய்
மத்தியானம் பேய் மழை. தட்டில் வேறு பாட்டு, எவளோ முனகுகிறாள். கீழேயிருந்து ஊங். ஏப்ரனோடு ஓடினேன். கோயில் மேட்டில் சிவப்பு லைட். லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டு: "ஒங்க கடப் பாட்டு தானே புள்ள, என்னாத்துக்கு இப்புடி ஓடியார?"
அவரை இழுத்துக்கொண்டு, கதவு கதவாகத் தட்டி, தொண்டை கிழியக் கத்தி. எல்லாரும் வெளியே. மருதை அண்ணன் மட்டும் டிவியை எடுக்கத் திரும்பினார். மண் வந்தது. நாலு வீட்டுக் குசினி அடுப்போடு இல்லை. அண்ணனுக்கு இரண்டு காலும் முறிவு, பதுளை ஆஸ்பத்திரி.

16, வியாழன்
வெயில். கோயில் மண்டபத்தில் இருக்கிறோம். முதலாளி பிஸ்கட் பெட்டியோடு வந்தார். அம்மாவிடம் கவலையாகப் பேசினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு: "மெஷின் வச்ச ஆளுங்ககிட்ட சொல்லி அந்தச் சைரன் சத்தத்த மாத்தச் சொல்லு செல்வி. பாட்டும் அதுவும் ஒண்ணா கேக்குதில்ல?"
சைரனை மாற்ற வேண்டுமாம்.
பிஸ்கட்டை அவர் கையிலேயே திணித்தேன். அம்மா எழுந்து வந்து வாங்கி வைத்துக்கொண்டார், பிள்ளைகளுக்குப் பசி. நாளைக்குக் காலை வேலைக்குப் போக வேண்டும்.