முனியாண்டி கல்லும் ஆடுற நாற்காலியும்

ஏங்க,

போன எடுக்க மாட்டேங்கறீங்க. அதான் இந்த லெட்டர எழுதி, மாசாய் டவுனுக்கு, மகன் வீட்டுக்குத் திரும்பிப் போற மருமக கையில குடுத்து விடறேன்.

முப்பது வருசம் சிங்கப்பூர் பேக்டரி ஏர்கோன் குளுருல இருந்த ஆளு, ரிட்டயர் ஆனதும் "நம்ம ஊரு பாலோவுல தோட்டம் போட்டு நிம்மதியா இருக்கப் போறேன்"னு வந்தீங்க. தொப்பி ஒண்ணு, முட்டி வரைக்கும் பூட்ஸு. ஒரு நாளு மம்பட்டியத் தொட்டீங்களா? நான் விடியக்காலையில கோழியத் திறந்து விட்டு, கீரைக்குத் தண்ணி ஊத்தி, ஈர மண்ணுல வெறுங்கால்ல நிக்கறேன். அந்தச் சொகம் பூட்ஸு போட்ட காலுக்குத் தெரியுமா? நீங்க வாழப்பூவ போட்டோ எடுத்து பேஸ்புக்ல போட்டுக்கிட்டு இருந்தீங்க.

அதையும் பொறுத்துக்கிட்டேன். வேப்பமரத்தடியில இருந்த முனியாண்டி கல்லப் பெரட்டிட்டுப் போயி, நாற்காலி ஆடுதுன்னு அண்டக் குடுத்தீங்களே. கேட்டா, "மழையில பொட்டு அழிஞ்சிருச்சி, சும்மா கல்லுன்னு நெனச்சிட்டேன் லா"ங்கறீங்க. சாமிய அடையாளம் தெரியாதவருக்கு எதுக்குங்க கம்பத்து வாழ்க்கை, பட்டிக்காட்டு வாழ்க்கை?

திட்டினேன்தான். அதுக்கு மகன் வீட்டுக்கு ஓடிப் போயி, ரெண்டு வாரமா ஒம்பதாவது மாடியில உக்காந்திருக்கீங்க. வராந்தாவுலயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கறீங்களாம், அது வாக்கிங்காம். மருமக சொன்னப்ப சிரிப்புதான் வந்துச்சி.

கல்ல மஞ்சத் தண்ணியில கழுவி, பழைய எடத்துலயே வெச்சிட்டேன். பூசாரியக் கேட்டேன், சாமி மன்னிச்சிட்டாராம்.

நான் இன்னும் மன்னிக்கல. மிச்சத் திட்ட எழுதினா கை வலிக்குது. ஞாயித்துக்கிழம நேர்ல வந்து வாங்கிக்குங்க.

உங்க வீட்டுக்காரி