கேட்டவரின் பெயர்

ஏப்ரல் 27, 2009

இன்றைக்கும் வேலைக்குப் பிந்திப் போனேன். சூப்பவைசர் மணிக்கூட்டைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் ஒரு ட்றே பிந்தினால் ஒருவரும் சாகமாட்டார்கள்.

விடிய நேசன் போன் எடுத்தான். கொழும்பில் தன் பார்மசியை மனைவி நிலாணியின் கையில் விட்டுவிட்டு, என் தம்பி இப்போது வவுனியா ஆஸ்பத்திரிக்கும் முகாம்களுக்கும் மருந்து கொண்டு அலைகிறான். வன்னியிலிருந்து தப்பி வந்தவர்களில் யாரைக் கண்டாலும் பேரைக் கேட்டுவந்து எனக்குச் சொல்வான். சுகம் விசாரிக்கிற கதையே இல்லை. பேர், ஊர், கனடாவில் யாருடைய ஆள். அதோடு வைத்துவிடுவான். நான் பிறகு வீடு வீடாகப் போன் எடுத்துச் சொல்வேன். எல்லாம் டொரொண்டோவில்தான், ஸ்காபரோவில் பாதி, ரெக்ஸ்டேலில் கொஞ்சம்.

எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டாம் மாடி யோகராணிக்கு இன்று போனில் சொன்னேன்: மருமகன் உயிரோடு இருக்கிறான், ஒரு கை இல்லை. "கை போனால் போகட்டுமடி!" என்று கத்திச் சிரித்தாள். பிறகு அழுதாள்.

"உனக்கேன் ஊர்வேலை, செலீன்?" என்கிறார் இவர். அருள்நாயகம் என்று பேர் வைத்தவர்கள் அருளை இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்.

மே 18

சண்டை முடிந்துவிட்டதாம். டிவியை நிற்பாட்டுங்கோ என்றேன். இவர் நிற்பாட்டவில்லை. நானும் எழும்பிப் போகவில்லை.

மே 21

போன் ஓயாமல் அடிக்கிறது. கேட்கத்தான் ஆட்கள். நேசனிடம் சொல்லப் பேர் இல்லை. "இனி வாறவை குறைவு அக்கா" என்றான். அவன் குரலே அவனுடையதாக இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்க நினைத்தேன், வைத்துவிட்டான்.

ஜூன் 6

நேசனைக் கொண்டுபோய்விட்டாங்கள். மாதாவே. மாதாவே.

பின்னேரம்

நிலாணி சொன்னதை மறக்க முதல் எழுதவேண்டும். கொழும்பு வீட்டுக்குச் சாதாரண உடுப்பில் நாலு பேர் வந்தார்களாம். வீட்டுக்குள் வைத்தே கேட்டிருக்கிறார்கள்.

"டொரொண்டோவில செலீன் ஆர்?"

"என்ர அக்கா."

"நீ கதைச்சு வைச்ச உடனை உன்ர அக்கா ஏன் இருபது முப்பது வீட்டுக்கு எடுக்கிறவ? பன்னிரண்டாம் மாடி யோகராணி ஆர்? உங்கட கூட்டத்துக்கு ஆர் தலைவர்?"

செத்தவர் யார், இருக்கிறவர் யார் என்று சொன்னது கூட்டமாம்.

நிலாணிக்கு விளங்கவில்லை. எனக்குக் கோப்பை கழுவும்போதுதான் விளங்கியது. நேசன் எனக்கு எடுத்தது கொழும்பில் தெரிந்திருக்கும். சரி. ஆனால் நான் யோகராணிக்கு எடுத்தது ஆறாம் மாடியிலிருந்து பன்னிரண்டாம் மாடிக்கு! அது கொழும்புக்காரனுக்கு எப்படித் தெரியும்? எங்கள் போன் லைன் கொம்பனிக்கு மட்டும்தானே தெரியும்?

அந்தக் கொம்பனி வெள்ளைக்காரனுடையதும் இல்லை. ஸ்ரீஸ்கந்தராசாவுடையது. எங்கட ஆள், பாதி விலை என்று கட்டடம் முழுக்க அவனிடம்தான் லைன் எடுத்தோம். சண்டையை நிறுத்தச் சொல்லி றோட்டில் நின்ற ஆர்ப்பாட்டத்தில் எங்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தவன்.

ஜூன் 9

பிளாசாவின் மேல்மாடியில் அவனுடைய ஒபிஸ். போனேன். இருக்கச் சொன்னான், இருக்கவில்லை.

"தம்பி, எங்கட நம்பருகளை ஆருக்கும் குடுத்தனீரோ இல்லையோ?"

அவனுக்கு முகம் வேர்த்துப்போனது. "கேட்டவை அக்கா, குடுத்தனான். கவுண்மெண்ட் கேட்டால் மாட்டன் எண்டு சொல்ல நான் ஆர்? பெரிய கொம்பனியளே குடுக்கிறாங்கள்."

"கோட்டு ஓடர், நீதவான்ர கடதாசி ஏதும் கொண்டு வந்தவையோ?"

"ஓடர் எண்டு ஒண்டும்..."

"ஆர் கேட்டது? எந்த ஒபிஸ்? அந்த ஆளின்ர பேர் என்ன?"

மேசையைப் பார்த்தான். நாளைக்குச் சொல்கிறேன் என்றான். எனக்கு அந்தப் பேர்தான் வேண்டும். அவனுடைய வேர்வை எனக்கு என்னத்துக்கு?

ஜூன் 10

அவன் எடுக்கவில்லை. அவனுடைய லோயர்தான் எடுத்தார். இனி ஒபிஸ் பக்கம் வரவேண்டாமாம்.

ஜூலை 4

நிலாணி பொலிஸ், ஆமி என்று எந்த இடத்தில் கேட்டாலும் "எங்களிட்டை அப்பிடி ஆள் இல்லை" என்கிறார்களாம். கொழும்பு லோயர் நிலாணிக்குச் சொன்னது: கனடாவில் யார் அந்த விபரத்தை வாங்கினார்கள், வாங்கிக் கொழும்பில் யாரிடம் கொடுத்தார்கள் என்று தெரிந்தால், அந்த இடத்தின் பேரைச் சொல்லி, ஆளைக் கொண்டுவா என்று நீதிமன்றத்தில் கேட்கலாம். பேர் இல்லாமல் கேட்டால் திகதியைத் தள்ளித் தள்ளித் தவணை மட்டும்தான் கிடைக்கும்.

நான் இங்கே பிடிக்கவேண்டியது அந்த நூலின் ஒரு முனையை. அது ஸ்ரீஸ்கந்தராசாவின் வாய்க்குள் இருக்கிறது.

ஜூலை 20

யூனியன்வில்லில் ரிஃப்னா என்று ஒரு லோயர். காசு வேண்டாம் என்றாள். எங்கள் ஆட்கள் தொண்ணூறில் யாழ்ப்பாணத்திலிருந்து துரத்திய முஸ்லிம் சனத்தில் அவளுடைய வாப்பாவும் ஒருவர். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"அன்ரி, உண்மையைச் சொல்லுறன். அவர் ஜெயிலுக்குப் போகமாட்டார். காசும் பெரிசா வராது. பட், கேஸ் போட்டா அவர் சத்தியம் பண்ணிப் பதில் சொல்லத்தான் வேணும். ஆர் கேட்டது எண்டு."

"அது போதும் பிள்ளை" என்றேன். அது போதும்.

ஒக்டோபர் 3

வழக்குப் போட்டாயிற்று. யோகராணி அதில் கையெழுத்து வைக்கமாட்டாளாம். மருமகனைக் கனடாவுக்குக் கூப்பிடப் போகிறாள், அந்த ஃபைல் குழம்பிவிடும் என்று பயம். அவளில் கோபிக்க முடியவில்லை. ஆனால் படியில் வைத்து இன்னொன்று சொன்னாள்: "எண்டாலும் எங்கட ஆளைக் கோட்டுக்கு இழுக்கிறது வடிவில்லை செலீன். பாவம், அந்த மனுசனும் பயத்திலதானே குடுத்தது."

எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். அவன் பாவம். அப்ப நேசன் பாவமில்லையோ? உள்ளே கிடக்கிறவனுக்குப் பாவம் பார்க்க ஒருதருமில்லை!

நவம்பர் 26

ரிஃப்னா கூப்பிட்டாள். ஒட்டாவாப் பாராளுமன்றத்தில் ஒரு சட்டம் வருகிறதாம். அரசாங்கத்துக்கு உதவியாக விபரம் கொடுத்த கொம்பனி எதன் மேலும் வழக்குப் போட முடியாது. இனிக் கொடுப்பதற்கு மட்டுமில்லை, கொடுத்து முடித்ததற்கும்.

"எங்கட கேசுக்குமோ?"

"எங்கட கேசுக்கும்தான் அன்ரி. சட்டம் வந்தா அவர் பதில் சொல்லத் தேவையில்லை."

பெரிய கொம்பனிகளுக்காகப் பிடிக்கிற குடை. அதற்குள் எங்கள் ஆளும் நனையாமல் நிற்பான்.

டிசம்பர் 12

சட்டம் வேண்டாம் என்று கையெழுத்து வாங்கப் பிளாசா வாசலில் நின்றேன். குளிர் எலும்புக்குள் போனது. மீன் வாங்க வந்த ஒரு மனுசன், "ஒளிக்க ஒண்டும் இல்லாட்டி என்னத்துக்கு அக்கா பயம்?" என்றான். "அப்ப உங்கட போனை இஞ்சை தாங்கோ, ஆர் ஆருக்கு எடுத்தனீங்கள் எண்டு நான் ஒருக்காப் பாக்கிறன்" என்று கையை நீட்டினேன். கையெழுத்து வைத்துவிட்டுப் போனான். எல்லாரும் அப்படியில்லை. நிறையப் பேர் என் பக்கம் திரும்பாமலே போனார்கள்.

மத்தியானம் இவர் வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். தேத்தண்ணியைத் தந்துவிட்டு, பேனையை வாங்கிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்றார். சாயந்தரம் வரைக்கும் நின்றார். ஏன் என்று கேட்டால் போய்விடுவார்.

ஏப்ரல் 15, 2010

ஒட்டாவா. பாராளுமன்றக் கொமிற்றிக்கு முன்னால் பேச எனக்கும் கொஞ்ச நேரம் தந்தார்கள். நான் தமிழில் சொல்ல ரிஃப்னா இங்கிலிஷில் சொன்னாள்.

நான் சொன்னது இவ்வளவுதான்: எனக்கு ஒருவரையும் தண்டிக்க வேண்டாம். ஒரு கேள்வி கேட்கவேண்டும். என் வீட்டுப் போனை யாருக்குக் காட்டினீர்கள்? சட்டப்படி கொடுத்தவனுக்கு அதைச் சொல்ல என்ன பயம்? சட்டத்தை மீறிக் கொடுத்தவனுக்கு நீங்கள் ஏன் காவல்? இந்தச் சட்டம் வந்தால் என் தம்பி எங்கே என்று கேட்க எனக்கு உலகத்தில் ஓர் இடமும் இல்லை.

அதற்குப் பிறகு அவர்கள் கேட்டார்கள். கொம்பனியைப் பற்றி ஒரு கேள்வி வரவேண்டுமே! இல்லை. அந்த வீடுகளுக்கு ஏன் எடுத்தாய்? அவர்களை எப்படித் தெரியும்? அவர்களில் யாரும் இயக்கத்துக்குக் காசு கொடுத்தவர்களா? கொழும்பில் தம்பியிடம் கேட்ட அதே கேள்விகள், கொஞ்சம் மரியாதையாக.

"உங்கட பிள்ளை உயிரோடை இருக்குது எண்டு சொல்ல எடுத்தனான்" என்றேன். ரிஃப்னா அதை மெதுவாக இங்கிலிஷில் சொன்னாள். ஒரு எம்.பி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றி சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

ஜூன் 3

சட்டம் நிறைவேறிவிட்டது. வேலைக்குப் போனேன்.

ஜூன் 29

வழக்கைத் தள்ளிவிட்டார்கள். நீதவான் நல்ல மனுசி போல. எனக்காக வருந்துவதாகச் சொன்னா. சட்டம் தன் கையைக் கட்டியிருக்கிறதாம். ரிஃப்னா காருக்குள் இருந்து அழுதாள். "விசரி, நீ ஏன் அழுகிறாய்?" என்று முதுகைத் தடவினேன். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீரும் வரவில்லை.

செப்டெம்பர் 11

ஸ்ரீஸ்கந்தராசா வீட்டுக்கு வந்தான். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஒரு பெட்டி மாம்பழமும் கையில். இவர்தான் கதவைத் திறந்தவர். நான் குசினிக்குள்ளேயே நின்றேன், அவன் அங்கே வந்துவிட்டான்.

"அக்கா, லோயர் கதைக்க விடேல்லை. இப்ப கதைக்கலாம். இனி ஒருதராலும் எனக்கு ஒண்டும் செய்யேலாது எண்டு சொல்லிட்டார்."

"அப்ப சொல்லும். ஆர் கேட்டது?"

கதிரையில் இருந்தான். ஆள் மெலிந்து போயிருக்கிறான்.

"போனிலதான் கேட்டவை அக்கா. கடதாசி ஒண்டும் வரேல்லை. செக்கியூரிற்றி விசயம் எண்டு சொன்னார். நல்ல மரியாதையான குரல். ஈமெயில் ஒண்டு தந்தார், அனுப்பிட்டன். அந்தக் கொம்பியூட்டரும் இப்ப இல்லை. பேர்..."

"பேர்?"

"பேர் கேட்க எனக்கு யோசனை வரேல்லை அக்கா."

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. இவர் வந்து அடுப்பை அணைத்தார். ஒரு வருசமாக நான் எந்தப் பேருக்காகக் கோட்டுப் படி ஏறினேனோ, குளிரில் நின்றேனோ, அந்தப் பேரை இந்தக் கழுதை கேட்கவே இல்லை! போன வருசம் அவனுடைய ஒபிஸ் மேசைக்கு முன்னால் நான் நின்று கேட்ட அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால், அந்த ஈமெயில் இருந்திருக்கும். கொம்பியூட்டர் இருந்திருக்கும். வழக்கு இருந்தபடியால் அழிக்கப் பயந்து வைத்திருந்தானாம். சட்டம் வந்த பிறகுதான் எறிந்தானாம். அதையும் அவனே சொன்னான். ஒளிக்கத் தேவையில்லை இப்போது.

பிறகு அழத் தொடங்கினான். தனக்கு நித்திரை இல்லையாம். "என்னை மன்னிச்சிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அக்கா. அது மட்டும் காணும்."

நான் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், போன வருசம் வந்து கேட்டிருந்தால் அடித்துவிட்டாவது சொல்லியிருப்பேன்.

"அந்த மன்னிப்பை ஒட்டாவாவில குடுத்தாச்சு தம்பி. என்னட்டைக் கேக்காமலே குடுத்திட்டினம். இனி என்னட்டை இல்லை."

மாம்பழத்தைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னேன். கொண்டுபோனான்.

ஒக்டோபர் 2

நிலாணி எடுத்தாள். தவணை தை மாதத்துக்குப் போய்விட்டது. கனடாவில் ஏதும் பேர் கிடைத்ததா என்று கேட்டாள். இல்லை, இனிக் கிடைக்காது என்று சொன்னேன்.

"அப்ப இனி ஆரிட்டை அக்கா கேக்கிறது?"

நேசன் என்றால் கேட்டுவந்து ஒரு பேர் சொல்லியிருப்பான்.