பச்சைப் பட்டை அனுப்பு

மே 4, வியாழன்

அன்புள்ள தராசுக்கு,

மூட்டை எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணன் வீட்டில் எனக்குப் படுக்கை ஹால் சோபாவில். எதைப் பேசினாலும் நாலு பேர் காதில் விழும். தவிர, போனில் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிடலாம், பட்டையை அனுப்ப முடியாது.

பேசிக்கொண்டபடி இந்த உறையில் என் இடுப்பளவுப் பட்டை இருக்கிறது, நாம் பார்சல் கட்டுகிற அதே நீலப் பட்டை. காலையில் பல் தேய்த்ததும் தொப்புளுக்கு மேலே சுற்றி, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் வெட்டினேன். கிளம்பிய அன்று நம் குடோன் பார்சல் தராசில் ஏறி இறங்கியதும் எடுத்தோமே, அந்த அளவோடு வைத்துப் பார். இங்கே குளியலறையில் ஒரு கண்ணாடித் தராசு இருக்கிறது. நேற்று எழுபத்தொன்று காட்டியது, இரண்டு அடி தள்ளி வைத்தால் எழுபத்தாறு காட்டுகிறது. நம் பட்டைதான் நியாயமானது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இங்கே வந்தபோது விமானத்தில் எனக்கு இடுப்பு பெல்ட் எட்டவில்லை. பணிப்பெண் ஒரு ஒட்டு பெல்ட்டை எல்லோர் தலைக்கும் மேலே தூக்கிப் பிடித்தபடி எடுத்து வந்தாள். அந்தத் தடவை ஒரே மாதத்தில் ஆறு கிலோ ஏறித் திரும்பினேன். இந்தத் தடவை பெல்ட்டை மாட்டி இழுத்ததும் ஒரு முழம் மிச்சம் தொங்கியது. வண்டி மேலே ஏறும்வரை அந்த நுனியைக் கையிலேயே பிடித்திருந்தேன்.

விருந்தாளி என்றுதான் கூப்பிட்டார்கள். வந்த மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்திருக்கிறது, அண்ணிக்கு வேலை நேரம் மாறியிருக்கிறது, பிள்ளைகள் இரண்டையும் பார்க்க ஆள் வேண்டும். ஏழு வாரத்துக்கு ஆள் நான். அம்மா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "என்னடி, சீக்கா?" இருபத்து நாலு கிலோவை இறக்க நான் பட்ட பாடு அவளுக்கு நோயாகத் தெரிகிறது.

ஜூன் 26, திங்கள், மெடிக்கல். மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற வேலைக்கு இரண்டு இடம், பட்டியலில் நம் இரண்டு பேர். எழுபத்தைந்து கிலோவுக்கு மேல் இருக்கிறவர்கள் அதை ஓட்டக் கூடாது என்று எந்த அறிவாளி எழுதி வைத்தானோ. சூப்பர்வைசர் நூறைத் தாண்டியவர், அவருக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. போகட்டும். எழுபத்து மூன்றில் கிளம்பினேன், எழுபத்து மூன்றில் திரும்புவேன். இன்னொரு வருடம் தலையில் சுமந்தால் என் முட்டி தாங்காது.

நம் சட்டம் ஞாபகம் இருக்கிறது: உட்கார்ந்து சாப்பிடு, உன் தட்டில் சாப்பிடு, சூடாகச் சாப்பிடு, அடுத்தவர் வைத்த மிச்சத்தைத் தொடாதே.

மத்தியானம் தனியாகவா சாப்பிடுகிறாய்? எழுது.

உன்,
மூட்டை


மே 11, வியாழன்

அன்புள்ள மூட்டைக்கு,

உன் கடிதம் வெளிநாட்டுத் தபால் பைக்குள் நம் குடோனுக்கே வந்தது. பிரித்துப் போடுகிறவன் முகவரியைப் பார்த்துவிட்டு, "அக்கா, மூட்டை உங்களுக்கு ஒரு உறை போட்டிருக்கு" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது, ஏனென்று தெரியவில்லை.

உன் பட்டையைப் பழைய அளவோடு வைத்துப் பார்த்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை. என் பட்டையும் உள்ளே இருக்கிறது. பார்த்துக்கொள். நான் அப்படியேதான் இருக்கிறேன்.

இங்கே பெரிய சேதி ஒன்றும் இல்லை. கட்டுகிற பட்டையை மாற்றிவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து நீலம் கிடையாது, பச்சை. ஒரு சுருள்கூட மிச்சம் வைக்காமல் பழையதை அள்ளிக்கொண்டு போனார்கள். இந்தப் பச்சை கத்தி மாதிரி, கையைக் கிழிக்கிறது. கையுறை கேட்டதற்கு சூப்பர்வைசர், "உங்க கை என்ன பூவா?" என்கிறார். அவருடைய கை தேநீர் டம்ளரைத் தவிர வேறு எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை.

புது ஃபோர்க்லிஃப்ட் இரண்டும் வந்து உறை பிரிக்காமல் நிற்கின்றன. பக்கத்தில் போனால் புது ரப்பர் வாசனை. நீ போனதிலிருந்து நான் அந்தப் பக்கமாகப் போகிறதில்லை.

என் பெரிய மகள் பிள்ளைகளோடு வந்திருக்கிறாள், ஒரு மாதம் இருப்பாள். வீடு நிறைந்திருக்கிறது. உன் மகளை விடுதியில் போய்ப் பார்த்தேன். "அம்மா அங்க திங்கிறாளா, ஓடுறாளா?" என்று கேட்டாள். ஓடுகிறாள் என்றேன்.

அண்ணன் வீடு என்று பல்லைக் காட்டிக்கொண்டு எதையாவது வாயில் போட்டுவைக்காதே. திரும்பி வந்ததும் தராசில் ஏற்றுவேன். அது என்னை மாதிரி இல்லை, இரக்கம் பார்க்காது.

இப்படிக்கு,
தராசு


மே 18, வியாழன்

அன்புள்ள தராசுக்கு,

உன் நீலப் பட்டை கிடைத்தது. என் பெட்டிக்குள் என்னுடையதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். உன்னிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை, அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். உறையில் இருக்கும் என் பட்டையை எடுத்துப் பார். இரண்டு விரற்கடை கூடியிருக்கிறது.

எப்படி நடந்தது என்று கேள். காலையில் பிள்ளைகளை அனுப்ப வேண்டும். பெரியவன் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து வைத்துவிடுவான். சின்னவள் முட்டையின் மஞ்சளைத் தொடமாட்டாள். "வீணாப் போகுது, நீ வாயில போட்டுக்கோ" என்பாள் அம்மா. முதல் வாரம் "வேண்டாம்மா" என்றேன். இரண்டாவது வாரம் ஒரு ஓரம். அப்புறம் ஒரு மஞ்சள். திங்கட்கிழமை அண்ணனுடைய நண்பர்கள் வந்து போனார்கள். எல்லோரும் என்னைச் சுற்றி நின்று, "என்ன இப்படி வத்திப் போயிட்டீங்க, மூஞ்சில களையே இல்லையே" என்று துக்கம் விசாரித்தார்கள். அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவினேன். நாலு தட்டில் சோறு, கறி, பாதி கடித்த கேக். நின்றுகொண்டே, குழாயைத் திறந்துவிட்டபடி, எல்லாவற்றையும் தின்றேன். பசி இல்லை. வயிறு வேண்டாம் என்றது, கை கேட்கவில்லை.

நிமிர்ந்தால் பக்கத்தில் அம்மா. ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி, கையில் சின்னவளுடைய தட்டு. அவளும் நின்றுகொண்டே தின்றுகொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. தொண்ணூற்றேழு கிலோ எங்கிருந்து வந்தது என்று டாக்டரிடம் கேட்டேனே, அவருக்கென்ன தெரியும். இந்த வீடுகளில் குப்பைத்தொட்டி இரண்டு. ஒன்று பிளாஸ்டிக். இன்னொன்று சமைத்தவள்.

திட்டி எழுது. நன்றாகத் திட்டு. அது வேண்டும் எனக்கு.

உன்,
மூட்டை


மே 25, வியாழன்

அன்புள்ள மூட்டைக்கு,

இரண்டு விரற்கடைக்கா இவ்வளவு பெரிய கடிதம். விடு. எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை போகிறாய். அம்மா கையால் போடுகிறாள், சாப்பிடு. உடம்பு என்ன ஓடியா போகிறது, வந்து பார்த்துக்கொள்ளலாம். இந்த மெடிக்கல் இல்லாவிட்டால் அடுத்த மெடிக்கல். நமக்கென்ன வயதா ஆகிவிட்டது.

இங்கே எல்லோரும் சுகம். வேலை அதிகம், நேரமில்லை. என் பட்டை உள்ளே இருக்கிறது. எனக்கு ஒன்றும் கூடவில்லை.

இப்படிக்கு,
தராசு


ஜூன் 1, வியாழன்

தராசுக்கு,

முதலில் என் கதையைச் சொல்கிறேன், அப்புறம் உன் கதைக்கு வருகிறேன்.

உன்னிடம் திட்டு கேட்டேன், தடவிக்கொடுத்து எழுதியிருந்தாய். படித்ததும் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடுதான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேசையில் ஆறு தட்டு வைத்தேன். பாத்திரங்களை நடுவில் வைத்துவிட்டு, அண்ணன் உட்கார்ந்ததும் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

"நீ பரிமாறிட்டு அப்புறம் உக்காரலாமே?" என்றார் அண்ணி.

"எல்லாம் நடுவுலதான் இருக்கு அண்ணி. எல்லாருக்கும் கை எட்டும்."

அண்ணன் சிரித்தான். "என்ன, குடோன்ல சங்கம் கிங்கம் ஆரம்பிச்சிட்டியா?"

"அங்க இன்னும் இல்ல. இங்கதான் முதல்ல."

அம்மா அடுப்புப் பக்கமாகவே நின்றுகொண்டிருந்தாள். நாற்காலியை இழுத்து, "உக்காரும்மா" என்றேன்.

"நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன், நீங்க சாப்பிடுங்க."

"அப்புறம் சாப்பிட ஒண்ணும் இருக்காது. உக்காரு."

உட்கார்ந்தாள், பஸ்ஸில் அடுத்தவர் இடத்தில் உட்கார்ந்த மாதிரி, நாற்காலி நுனியில்.

சாப்பிட்டு முடித்ததும் பழக்க தோஷத்தில் பிள்ளைகளின் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நான் வாங்கி அப்படியே குப்பையில் வழித்துப் போட்டேன்.

"சோத்தையா கொட்டுற?" அண்ணன் எழுந்தேவிட்டான்.

"பிள்ளைங்க அப்பவே கொட்டிட்டாங்கண்ணே. எங்க கொட்டுறதுங்கறதுதான் மிச்சம். இந்த டப்பாவுல கொட்டலாம், இல்ல அம்மா வயித்துல கொட்டலாம். ஆபரேஷன் பண்ணினவளுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்குன்னு கேட்டியா நீ?"

அண்ணிதான் தண்ணீர் டம்ளரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "பசங்க சாப்பாட்டு டப்பாவுல மிச்சம் வர்றத நான் கார்லயே தின்னுடுவேன். வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா உங்கண்ணன் திட்டுவார்னு."

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. இப்போது பிள்ளைகளுக்குக் கொஞ்சமாக வைக்கிறோம், கேட்டால் மறுபடி. அண்ணன் நாலு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை, பேசாவிட்டால் போகட்டும். நான் காலையில் பக்கத்துக் கார் நிறுத்தும் கட்டிடத்தில் எட்டு மாடி ஏறி இறங்குகிறேன், இரண்டு தடவை. காவலாளி முதல் நாள் வழி மறித்தார், இப்போது மாடி எண்ணிச் சொல்கிறார். உறையில் இருக்கும் பட்டையைப் பார், ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. மீதியும் இறங்கும்.

இனி உன் கதை.

நீதான் எழுதினாய், திங்கட்கிழமையிலிருந்து பச்சைப் பட்டை, நீலம் ஒரு சுருள்கூட இல்லை என்று. நான் நீலச் சுருள் ஒன்றைக் கையோடு கொண்டுவந்தேன், அதனால் என்னுடையது நீலம். உன்னிடமிருந்து இரண்டு தடவையும் நீலம் எப்படி வந்தது? முந்தாநாள் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். வெட்டின வாய்கூடப் பொருந்துகிறது. இரண்டு வார இடைவெளியில் எடுத்த இடுப்பு அப்படிப் பொருந்தாது, அது இரும்புக் குழாய் இல்லை.

நீ என்னிடம் சொன்ன பொய் வலிக்கிறது. அதைவிட வலிப்பது என்னவென்றால், சூப்பர்வைசருக்குக் கணக்குக் காட்டுகிற மாதிரி எனக்குக் காட்டியிருக்கிறாய். நான் என் இரண்டு விரற்கடையை உனக்கு எழுதினேன். அதையும் வாங்கி வைத்துக்கொண்டு பொய்யை உறையில் போட்டாய்.

பச்சைப் பட்டை அனுப்பு. எத்தனை நீளம் இருந்தாலும் அனுப்பு. அனுப்பாவிட்டால் குடோனில் பார்க்கும்போது வணக்கம் சொல்லிக்கொள்வோம், அவ்வளவுதான்.

மூட்டை


ஜூன் 8, வியாழன்

மூட்டைக்கு,

உன் கடிதத்தைக் கழிவறையில் நின்று படித்தேன். இரண்டு தடவை கிழிக்கப் போனேன்.

நீ கிளம்பிய அன்று அளவு எடுத்தோமே, அப்போதே நான் என் அளவுக்கு நாலு துண்டு வெட்டி வைத்துக்கொண்டேன். நீ விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே. நீ இல்லாமல் என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல வெட்கம். உன்மேல் கோபமும்தான். நீ பெல்ட் மிச்சம் தொங்கியதை எழுதுகிறாய், நான் இங்கே பேரப் பிள்ளைகளின் தட்டை வழிக்கிறேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நீயும் நானும் உட்காருகிற அந்தப் பெட்டிமேல் இப்போது யாரும் உட்காருவதில்லை. நான் நின்றுகொண்டே தின்கிறேன்.

நீ இரண்டு விரற்கடை என்று எழுதியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் நிஜம். அதனால்தான் திட்டவில்லை. நீயும் விழுந்துவிட்டால் நான் எழுந்திருக்க வேண்டாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை ஆபீசில் போய் மெடிக்கல் பட்டியலிலிருந்து என் பேரை அடிக்கச் சொன்னேன். கிளார்க் பேனாவைத் தேடினார், கிடைக்கவில்லை, நாளைக்கு வா என்றார். உன் கடிதம் அன்று மாலை வந்தது. மறுநாள் நான் போகவில்லை.

இன்று காலை யாரும் வருவதற்கு முன்னால் தராசில் ஏறினேன். எழுபத்தேழு கிலோ அறுநூறு. பதினெட்டு நாள் இருக்கிறது. இறங்குமா என்று தெரியாது. இறங்காவிட்டாலும் அன்றைக்கு வரிசையில் உன் பின்னால் நிற்பேன். டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும், பேரை நானே அடித்துக்கொள்ளமாட்டேன்.

மத்தியானம் உன் பெட்டிமேல் உட்கார்ந்து சாப்பிட்டேன். நேற்று ராத்திரி வீட்டில் எல்லோருக்கும் முன்னால் ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டேன். என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். "இது எனக்கு" என்றேன். அவருக்குப் புரியவில்லை, கையை நீட்டியபடியே இருந்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

21ஆம் தேதி புதன்கிழமை வருகிறாய். மறுநாள் வியாழன், ஷிஃப்டுக்கு முன்னால் தராசுகிட்ட நில். என்ன காட்டுகிறதோ அதை நீயே எழுது, கிராமையும் விடாதே.

பச்சைப் பட்டை உள்ளே இருக்கிறது. கத்திரியில் வெட்டவில்லை, பல்லால் கடித்துத்தான் வெட்டினேன், நுனி பிசிறாக இருக்கும். நீளம் அதிகம், மூன்றாக மடித்து வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது கையைக் கிழிக்கும், பார்த்து எடு.

தராசு