கழுத்தெலும்புக்கு மேலே

பிப்ரவரி 2, திங்கள்

பள்ளிச் சீருடைத் துணியை வெட்டி மிஷின் மேல் போட்டதோடு சரி. தைக்க மனம் வரவில்லை. இதயப் பிரிவில் இன்று ஒரு கருவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முகம் மழிக்கிற மிஷின் அளவுதான் இருக்கும். போனில் செருகினால் கழுத்துக்குள் இருப்பது படமாகத் தெரிகிறது. ஸ்கேன் என்றால் அறை நிறைய இயந்திரம் என்று நினைத்திருந்தவள் நான்.

எடையை மட்டும் நம்ப முடியாதாம். என் வீட்டுக்காரருக்கு இதயம் பலவீனம். சதை கரைகிறது, அந்த இடத்தில் தண்ணீர் சேர்கிறது, தராசு அதே எண்ணைக் காட்டிக்கொண்டு நம்மை ஏமாற்றும். அதனால் கழுத்தைப் பார்க்க வேண்டும். நர்ஸ் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். "நேரா உட்கார வைங்க. ஜெல்லை நிறைய தடவி, கழுத்தெலும்புக்கு மேல வைங்க. துடிச்சிட்டு இருக்கிற சின்ன வட்டத்த விட்டுடுங்க, அது வேற குழாய். பக்கத்துல கறுப்பா பெருசா ஒண்ணு நிரம்பித் தெரிஞ்சா, அழுத்தம் ஏறிடுச்சு, தண்ணி தேங்குதுன்னு அர்த்தம். எவ்வளவு மேல வரைக்கும் தெரியுதோ அவ்வளவு அழுத்தம். ஒண்ணும் தெரியலைன்னா நிம்மதியா இருங்க. தினம் படம் எடுத்து எனக்கு அனுப்புங்க. கை மட்டும் லேசா இருக்கணும்."

கை லேசு. அதைக் கேட்டு இவர் சிரித்தார். "இவளுக்கா? வாய்க்கு ஏத்த கைங்க இவளுக்கு."

பிப்ரவரி 3, செவ்வாய்

தெரிந்தது. கறுப்பு வட்டம். கழுத்தில் பாதி தூரம் வரை.

அனுப்பினேன். நீர் மாத்திரையின் அளவை ஏற்றச் சொன்னார்கள். இரண்டு நாளில் இறங்காவிட்டால் வார்டில் சேர்த்துவிடலாம் என்றார் நர்ஸ். போன் ஸ்பீக்கரில் இருந்தது, இவரும் கேட்டார். கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாட்டை மூடி வைத்தேன், எனக்கும் இறங்கவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

கருவியைப் பிடித்ததும் கை உதறல் எடுத்துவிட்டது. முப்பது வருடமாக ஊசியில் நூல் கோத்த கை! படம் ஆடுகிறது. "இந்தா, நான் பிடிச்சுக்கிறேன்" என்று இவர் தன் கையை என் கைமேல் வைத்துக்கொண்டார். ஆட்டம் நின்றது. எத்தனை நாளாயிற்று இவர் கை என் மேல் பட்டு!

வட்டம் இல்லை. துடிக்கிற சின்னது மட்டும் இருந்தது. அய்யோ, இல்லவே இல்லை! வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

"கழுத்துக்கு இஸ்திரி போட்டாச்சு," என்கிறார்.

பிப்ரவரி 9, திங்கள்

தினமும் நல்ல படம். தினமும் என் கைமேல் அவர் கை. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் திணறுகிறது என்று வந்திருக்கிறது. படம் நன்றாக இருப்பதால் நீர் மாத்திரையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். சீருடை எல்லாம் தைத்து முடித்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

எனக்கு ஒன்றும் புரியவில்லை. படம் நன்றாக இருக்கிறது. மனிதர் நன்றாக இல்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே தூங்குகிறார். செருப்பு வார் காலில் பதிந்து பள்ளமாகிக் கிடக்கிறது. குளியலறை வரை போய் வந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

வெளியூரிலிருந்து மகள் பேசினாள். "படம் நல்லாருக்குன்னு சொல்றே, அப்பா பேசறப்ப ஏம்மா இப்படி இரைக்குது?" நானே அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

நர்ஸைக் கூப்பிட்டால், எதற்கும் ஒரு தடவை அழைத்து வாருங்கள் என்கிறார். இவரோ, "படந்தான் நல்லாருக்கே, அங்க போய் என்ன பண்றது?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். யாரை நம்புவது? படத்தையா, என் கண்ணையா?

பிப்ரவரி 16, திங்கள்

எழுதினால்தான் ஆறும். ஆறுமா?

காலையில் எடுத்த படம் போகவில்லை, நெட் இல்லை. மதியம் மறுபடி எடுக்கப் போனேன், நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாமே என்று நானே ஜெல் தடவிக் கருவியை வைத்தேன். எழுந்துவிடக் கூடாதென்று பட்டும் படாமலும் வைத்தேன்.

வட்டம். கறுப்பாக, கொழுத்து, எலும்புக்கு மேலே. நகர்த்தினேன், இருந்தது. இன்னும் மேலே, இருந்தது. தாடை வரைக்கும் இருந்தது.

கருவி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். கண்ணாடி முன்னால் நின்று என் கழுத்தில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. படுத்துப் பார்த்தேன், படுத்தால் யாருக்கும் நிரம்பும் போல, எனக்கும் வட்டம் வந்தது. பிடி நழுவப் பார்த்தது, இறுக்கினேன். வட்டம் நசுங்கிக் காணாமல் போயிற்று. விட்டேன், வந்தது. அழுத்தினேன், போயிற்று.

அழுத்தினால் போய்விடும். அவ்வளவுதான். அவ்வளவுதானா?

எழுப்பிக் கேட்டேன். "ஏங்க, உங்க கை எதுக்கு என் கை மேல வந்துது?"

தரையைப் பார்த்தார். அப்புறம், "முதல் நாளே நீ தெரியாம ஒரு தடவை அழுத்தினே. வட்டம் போனதப் பாத்தேன்," என்றார்.

"என்னையே ஏமாத்தினீங்களா? நானும் பைத்தியக்காரி மாதிரி, ஆசையா பிடிக்கிறாரேன்னு…"

"அதுவும்தான்," என்றார். "போன தடவை வார்டுல பக்கத்து படுக்கைக்காரன் திரை போட்டதும் போயிட்டான். அங்க போனா எனக்கும் அதுதான் இவளே. படம் மோசமா வந்த அன்னிக்கு நீ பட்டினி வேற கிடந்தே."

என் சாப்பாட்டுக்காக உயிரை வைத்து விளையாடுவாரா ஒரு மனுஷன்? மாத்திரையைப் பாதியாக்கி என் கையாலேயே கொடுக்க வைத்துவிட்டாரே! கத்தினேன். அவருக்குத் திருப்பிக் கத்த மூச்சு இல்லை. அதைப் பார்த்ததும் என் கத்தல் அடங்கிவிட்டது. நர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உடனே கிளம்பச் சொன்னார். பையில் துணி வைத்தேன், சீப்பை வைத்தேன். அவர் சீப்பை மட்டும் வெளியே எடுத்துப் போட்டார்.

"அங்க எனக்கு எதுக்கு அது?"

பிப்ரவரி 17, செவ்வாய்

வார்டு. மூக்கில் குழாய். என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறார்.

பிப்ரவரி 19, வியாழன்

ஊசி வழியாக மருந்து ஏறுகிறது. தண்ணீர் போதிய அளவு இறங்கவில்லை. சிறுநீரகமும் இதயமும் ஒன்றை ஒன்று கீழே இழுக்கின்றனவாம். டாக்டர் படுக்கையருகே நின்று பேசாமல் என்னை நடைபாதைக்கு அழைத்துப் போய்ப் பேசினார். நடைபாதை என்றாலே எனக்கு விளங்கிவிட்டது. இவர் போய்விட்டால் நான் யாரிடம் சண்டை போடுவேன்? மகளை வரச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இறங்குகிறது. நர்ஸ் கழுத்தில் வைத்துக் காட்டினார். வட்டம் பாதிக்குக் கீழே வந்திருக்கிறது. கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

வீடு. இதயம் பழைய இதயம்தான், மறுபடி தேங்கும், தேங்கினால் தாமதிக்காமல் வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மகள் கிளம்பிப் போனாள்.

படம் எடுத்தேன். நான் கேட்காமலே கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அடி வாங்கின பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். எலும்புக்கு மேலே ஒன்றுமில்லை. ஆனாலும் என் மனசு கேட்கவில்லை. அவர் கண்ணயர்ந்ததும் மறுபடி வைத்துப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே, "இஸ்திரி ஆச்சா?" என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் வட்டம். சின்னதுதான், எலும்புக்குச் சற்றே மேலே. ஆனால் வட்டம்.

மறுபடி அந்த வார்டு, அந்த நடைபாதை. கொஞ்சம் அழுத்தினால் போதுமே என்று எனக்கே தோன்றிவிட்டது. எனக்கே! விரல்கள் இறுகியும் விட்டன.

தொடைக்கு அடியிலிருந்த அவர் கை வெளியே வந்து என் கைமேல் உட்கார்ந்தது. ஆனால் அது அழுத்தவில்லை. என் கையை மெல்லத் தூக்கிப் பிடித்தது. கருவி ஜெல்மேல் மிதந்தது. திரையில் வட்டம் முழுதாக விரிந்தது.

"இப்ப எடு," என்றார். "இத அனுப்பு."

அனுப்பினேன். நாளை காலை வந்துவிடுங்கள் என்று நர்ஸ் பதில் போட்டார். பையில் துண்டையும் மாத்திரைகளையும் எடுத்து வைத்தேன். அவர் அலமாரி வரை மெதுவாக நடந்து போய், சீப்பை எடுத்து வந்து அதன்மேல் போட்டார்.