ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் ஊதியவனுக்கு

என் தோளில் தூங்கி வளர்ந்த தம்பி ஏகாம்பரத்துக்கு,

நீ போய் இரண்டு பொங்கல் ஆகிவிட்டது. பேண்டுக்காரர்கள் ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறார்களாம், உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உன்னைப் பற்றி ஊருக்கு நான் என்ன சொல்வது? உன்னிடமே சொல்லிவிடுகிறேன், ஊர் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் நல்ல சேதி. நீ விட்டுப் போனபோது கையளவு ஆட்கள்தானே இருந்தீர்கள்? இப்போது எல்லோரையும் ஒரு வேனில் ஏற்றினால் டிரம் வைக்க இடமில்லை. பாதிப் பேர் தறிக்காரர்கள். மீதி, காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செவிலிமேட்டுப் பாலாற்று மணலில் நின்று அத்தனை பேரும் ஊதினால், பாலத்தில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திக் கேட்கிறார்கள். தறியில் மீந்த பட்டில் ஒவ்வொரு ஊதுபைக்கும் சட்டை தைத்துப் போட்டிருக்கிறோம். பட்டாளத்திலிருந்து நீ தோல்பையும் குழல்களுமாக பேக்பைப் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து இறங்கியபோது, "இன்னாபா அது, ஆட்டுக்குட்டியா?" என்று கேட்ட தெரு இது.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. அந்தப் பிள்ளையார் ஊர்வலமும்தான். சாமிக்கென்று நீயே ஒரு மெட்டுக் கட்டி, வெளுத்த வேட்டியில் முன்வரிசையில் நின்றாய். நாட்டாமை சபாபதி வாய் நிறைய வெற்றிலையோடு வந்தார்.

"தோலுப் பைய சாமி முன்னாடி கொண்டாந்து ஊதாதபா. பின்னாடி போ."

நான் சும்மா இருப்பேனா? "தவுலு மட்டும் இன்னா, வாழநாருலயா கட்டிக்கீது?" என்று கேட்டேன். தவில்காரரே சிரித்துவிட்டார். சபாபதி சிரிக்கவில்லை. உன்னைக் கடைசிக்கு, ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் அனுப்பினார். அந்த இரைச்சலில் தெரு முழுக்க நீ ஊதிக்கொண்டே வந்தாய். வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைத்துவிட்டு, "யாருக்குமே கேக்கலக்கா" என்றாய். அப்புறம் அந்த மெட்டை ஆற்று மணலில் வாசித்தாயே தவிர, தெருவில் வாசிக்கவேயில்லை.

அன்றிலிருந்து நான் சபாபதி வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. நீ போனதும் உன் பையைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அந்த வீட்டு ஆள் கை இதில் படக்கூடாது என்று பிள்ளையார் மேல் சத்தியமும் வைத்தேன்.

வினையைப் பார். இப்போது பேண்டில் எல்லோரையும்விட நன்றாக ஊதுகிறவள் யார் தெரியுமா? கம்பெனி பஸ் பெண்களில் ஒருத்தி, கவிதா. சபாபதியின் மருமகள்!

போன மாதம் முசரவாக்கத்தில் கோயில் திருவிழாவுக்கு நம் பேண்டைக் கூப்பிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த முதல் அழைப்பு. அந்த நேரம் பார்த்துக் கவிதாவின் பையில் காற்றுக் கசிந்தது. நம் ஆட்கள் புத்தி எங்கே போகும்? தெருவில் பாவு நூலை நீட்டி, இழை பிசிறாமலிருக்கக் கஞ்சி போடுகிறோமே, அதே கஞ்சியைக் காய்ச்சிப் பைக்குள் ஊற்றிக் குலுக்கி வெயிலில் வைத்துவிட்டார்கள். உன் பழைய கூட்டாளி, டிரம் அடிக்கிற முருகேசன் கொடுத்த யோசனை. "பட்டு நூலயே புடிச்சி நிறுத்துது, தோல நிறுத்தாதா?" என்றானாம். மறுநாள் எறும்பு வந்தது. அப்புறம் புளித்த வாடை. ஊதிப் பார்த்த கவிதாவின் வாயில் பருக்கை. பை அப்பளம் போல விறைத்துவிட்டது. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நீ இருந்திருந்தால் ஊற்றத்தான் விட்டிருப்பாயா?

கவிதா என் வாசலில் வந்து நின்றாள்.

"ஆயா, தாத்தாவோட பைப்பு வேணும்."

"நீ எந்த வூட்டு மருமகன்னு தெரிஞ்சிதான் கேக்கறியா?"

"தெரியும் ஆயா. எங்க மாமனாரு தாத்தாவ ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னாடி அனுப்பிட்டாரு. நீங்கதான் தெருவுல யாரையும் மறக்க வுட மாட்டேங்கறீங்களே. அப்ப நான் செய்யாறுல ஸ்கூலுக்குப் போய்க்கினு இருந்தேன். என்னிய இன்னா பண்ணச் சொல்றீங்க?"

நான் கதவைச் சாத்தப் போனேன்.

"எனக்குக் குடுக்காதீங்க, போங்க. அந்தப் பைக்காகக் குடுங்க. ஊதாம வச்சிருந்தா தோலு காஞ்சி வெடிச்சிடும். அப்பறம் அத வச்சி பூஜையா பண்ணுவீங்க?"

வாய் நீளம்தான். ஆனால் பீரோவைத் திறந்தேன். மடிப்பில் நகக்கீறல் போல வெடிப்பு தொடங்கியிருந்தது. உன் மூச்சு நின்றதைப் பார்த்தவள் நான். இன்னொரு தரமும் பார்க்க வேண்டுமா?

கொடுத்துவிட்டேன். சத்தியத்தைப் பற்றிப் பிள்ளையாரிடம் நானே பேசிக்கொள்கிறேன். ஆனால் சும்மா கொடுக்கவில்லை.

"முசரவாக்கத்துல முடிச்சிட்டு வரும்போது தெருமுனையிலயே எறங்கு. உங்க மாமனாரு வாசல்ல நின்னு, என் தம்பி கட்டுன மெட்ட ஊது."

"அவ்ளோதானே?" என்று சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து பைக்கு எண்ணெய் தடவ ஆரம்பித்தாள்.

முசரவாக்கத்தில் சாமிக்கு முன்னால் நடந்தார்கள், தம்பி. முன்னால்! காலையில் அவர்கள் திரும்பியபோது தெருவில் பாவு நீட்டியிருந்தது. எல்லோர் கையிலும் கஞ்சி, யாரும் விட்டுவிட்டு நகர முடியாது. கவிதா ஊதினாள். சபாபதி கோல் ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். திட்டினால் திருப்பிக் கொடுக்க முந்தானையைச் செருகிக்கொண்டு நான் தயாராக நின்றேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு மருமகளிடம், "நடுவுல ஒரு எடத்துல அவன் சுரத்த எறக்காம நிறுத்திக்கினே போவான். அத வுட்டுட்டியேமா" என்றார்.

அதற்கு முன் அந்த மெட்டு இந்தத் தெருவில் ஒலித்தது அந்தப் பிள்ளையார் ஊர்வலத்தன்று மட்டும்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் அவரோடு பேசினேன்.

"ஜெனரேட்டர் போட்ட சத்தத்துல நாட்டாமைக்கு எப்பிடி கேட்டுச்சாம்?"

அவர் கோலின் நுனியையே பார்த்தார். "கேட்டுது" என்றார். "நல்லாவே கேட்டுது." உள்ளே போய்விட்டார்.

ஏகாம்பரம், கேட்டிருக்கிறதடா. கேட்டு, மனசில் வைத்துக்கொண்டு, நீ இருக்கும்வரை உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார். அதற்காக என் கோபம் இன்னும் ஒரு பங்கு ஏறியிருக்கிறது. அது அவருக்கும் எனக்கும் உள்ளது. கவிதாவுக்கு அதில் என்ன?

கம்பெனி விட்டு வந்ததும் அவள் என் வாசலில் நின்று அந்த ஒற்றைச் சுரத்தைப் பழகுகிறாள். கை தளர்ந்தால் சுரம் தள்ளாடுகிறது. "இன்னும் அழுத்துடி" என்கிறேன். "நீங்களே ஊதுங்க ஆயா" என்கிறாள்.

உன் பையை இனிமேல் பூட்ட மாட்டேன். வருகிற பிள்ளையார் ஊர்வலத்தில் நம் பேண்டு சாமிக்கு முன்னால் போகும். யார் குறுக்கே நிற்கிறார்கள், பார்த்துவிடுகிறேன். ஆனால் நான் முன்னால் நடக்கப்போவதில்லை. ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால், நீ நடந்த இடத்தில் நடந்து வருவேன். அங்கே கேட்கிறதா என்று உனக்குச் சொல்ல வேண்டும் இல்லையா?

இன்னும் கோபம் ஆறாத உன் அக்கா,
காமாட்சி