மூன்றாம் நாள் மீன் குழம்பு

கையை எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் மீனும் மஞ்சளும் கலந்த வாசனை போகவில்லை. அந்த வாசனையோடுதான் உங்களுடன் பேச உட்கார்ந்திருக்கிறேன், அத்தை.

புயல் கரையைக் கடந்துவிட்டது. ஆனால் முந்தாநாள் காலையில் போன கரண்ட் சுங்குவார்சத்திரத்தில் நம் தெருவுக்கு இன்னும் வரவில்லை. கடைகளும் திறக்கவில்லை. மாடி அறைகளில் இருக்கும் கம்பெனிப் பெண்களுக்கு ஷிப்ட் பஸ் இல்லை, நம் மெஸ்ஸை விட்டால் சாப்பாடும் இல்லை. நீங்கள் கண்ணை மூடிய பிறகு நான் தனியாகச் சமாளிக்கும் முதல் புயல் இது.

முன்பு ஒரு தடவை வந்த பெரிய வெள்ளத்தின்போது நீங்கள் இருந்தீர்கள். கரண்ட் போனதுமே பிரிட்ஜைத் திறந்தீர்கள். சீக்கிரம் வந்துவிடும், பொறுங்கள் என்று நான் தடுத்தேன். “இனிமே அது வெறும் பீரோ. எல்லாத்தையும் வெளிய எடு” என்றீர்கள். மாவுப் பாத்திரத்தை அண்டாத் தண்ணீரில் இறக்கி ஈரச் சாக்கைச் சுற்றினீர்கள். மீனில் உப்பும் மஞ்சளும் பிசறி, புளியைக் கெட்டியாகக் கரைத்து, எண்ணெய் மிதக்கக் குழம்பு வைத்தீர்கள். அதைக் காலையும் மாலையும் கொதிக்க வைப்பீர்கள். ஈரக் கரண்டியைப் போட்டால் என்னைத் திட்டுவீர்கள். ஒவ்வொரு வேளையும் பெண்களுக்கு முன்னால் நீங்களே சாப்பிட உட்கார்ந்தீர்கள். ஊருக்கு முந்தி உங்களுக்குத்தான் பசிக்குமா என்று கேலி செய்தேன். சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னீர்கள்.

இந்தத் தடவை நானும் அப்படியே செய்தேன். புயலுக்கு முன் வாங்கிய சங்கரா மீன். முதல் நாள் தைரியமாகப் பரிமாறினேன். நேற்றும் குறையில்லை. இன்று காலை சட்டியின் மூடியைத் திறந்ததும் சந்தேகம் வந்துவிட்டது. இந்தப் புளிப்பு புளியால் வந்ததா, கெட்டுப்போனதால் வந்ததா? முகர்ந்து முகர்ந்து மூக்கே மரத்துப்போனது. நீங்கள் இருந்தால் ஒரே நொடியில் சொல்லியிருப்பீர்கள். மாடியில் இருப்பவர்கள் பெற்றவர்களைத் தெற்கே விட்டுவிட்டு வந்த பெண்கள். ஒருத்திக்கு வயிறு கெட்டால்கூட, தெருவில் நிற்கும் முழங்கால் தண்ணீரில் எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவேன்?

குழம்பை நன்றாகக் கொதிக்க வைத்தேன். ஒரு தட்டில் சோறு போட்டு ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் அவர்களுக்கு வைக்கலாம் என்று நினைத்தேன். இரண்டாவது வாய் வைக்கும்போதுதான், அன்று நீங்கள் ஏன் முந்திக்கொண்டு உட்கார்ந்தீர்கள் என்று புரிந்தது.

அந்த நேரம் பார்த்துப் பேச்சியம்மாள் இறங்கி வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டே, நான் தடுப்பதற்குள் என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“இது வேணாம்டி, எனக்கே பயமா இருக்குது” என்றேன்.

“நீங்க சாப்பிடுதீயள்லா யக்கா, பெறவென்ன?”

தட்டைப் பிடுங்கிக்கொண்டேன். மற்ற பெண்களுக்குக் கஞ்சியும் ஊறுகாயும் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தபடி குடித்தார்கள். அதன் பிறகு நாள் முழுக்க ஏதாவது சாக்குச் சொல்லிப் பேச்சியம்மாளிடம் போய் நின்றேன். தலைவலிக்கிறதா, வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவளே சிரித்துவிட்டாள்.

இப்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அவளுக்கும் எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மிச்சக் குழம்பைக் கொல்லை மேட்டில் குழி தோண்டிக் கொட்டிவிட்டேன். நீங்களாக இருந்தால் இன்னொரு கொதி விட்டிருப்பீர்கள். எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

மாடியில் எந்தக் கதவு திறந்தாலும் காது அங்கே ஓடுகிறது. அந்த வெள்ளத்தில் நான் நிம்மதியாகச் சாப்பிட்ட ஒவ்வொரு வேளையும் நீங்கள் இப்படித்தான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருப்பீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பயம் இனி என்னுடையது.

அடுப்பில் ராத்திரிக்கான கஞ்சி கொதிக்கிறது. இறக்கி, முதல் கரண்டியை என் தட்டில் ஊற்றிக்கொள்ளப் போகிறேன்.